ஜெர்மனியில் ஒன்றரை வருஷம், ஜெர்மன் மட்டும் வரவில்லை

ஈரோடு பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போன மாணவி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 24. இங்கே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கிழக்கு ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்து ஊர் ஒன்றில் ஆங்கிலவழி எம்எஸ்சி படிக்கிறார். கிளம்பும் முன் கோயம்புத்தூரில் ஏ2 வரை (ஏ1, ஏ2, பி1, பி2 என்று சி2 வரை ஏறும் மொழி நிலைகளில் இரண்டாவது) ஜெர்மன் படித்து, தேர்விலும் பாஸ் செய்திருக்கிறார். "அங்க போனா ஆறே மாசத்துல ஜெர்மன் தானா வந்துடும், இங்க எதுக்கு காசைக் கொட்டறீங்க" என்று அனுப்பிவைத்த ஏஜென்ட் சொன்னதை நம்பி அதோடு நிறுத்திக்கொண்டார். இப்போது மூன்றாவது செமஸ்டர் முடிகிறது. வகுப்பு, பரீட்சை, புராஜெக்ட் எல்லாமே ஆங்கிலத்தில். வீட்டில் நான்கு பேர்: இவர், இன்னொரு தமிழ்ப் பெண், இரண்டு தெலுங்குப் பெண்கள். வாரத்தில் இரண்டு இரவு பார்சல் கிடங்கில் வேலை. அங்கே கையிலிருக்கும் ஸ்கேனர் சொல்வதைச் செய்தால் போதும், யாரோடும் பேச வேண்டியதில்லை. கடையில் ஜெர்மனில் ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். மாறாதவர் பேசுவது இவருக்குப் புரிவதில்லை. "புத்தகத்தில் படித்த ஜெர்மனே இல்லை இது. 'நூ' என்றால் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆமாம் என்று அர்த்தமாம்" என்று எழுதுகிறார்.

இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் பி2 ஜெர்மன் கேட்கிறார்கள். சித்தி மகள் சென்னையைத் தாண்டியதே இல்லை, வகுப்புக்குப் போயே பி2 முடித்துவிட்டாள். வீடியோ காலில் அவள் பேசிய ஜெர்மனைக் கேட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லையாம். "ரெண்டு வருஷமா அங்கேயே இருக்க, இன்னுமா பேச வரல?" என்று அம்மா வேறு கேட்கிறார். வங்கிக் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் விசாவும் முடிந்து ஊர் திரும்ப வேண்டியிருக்குமோ என்ற பயம் இருக்கிறது.

கேள்விகள் இவை: ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்து ஜெர்மன் மட்டும் படிக்கலாமா? இந்தியத் தோழிகளை விட்டுத் தனியாகப் போய்விட வேண்டுமா? இலக்கணத்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் பழகலாமா? சிவியில் பி2 என்று போட்டுவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள், போடலாமா? கடைசியாக, "எனக்கு மொழி ஏறாத மண்டையோ?"

வணக்கம் தங்கையே. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதுதான் கெடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வீட்டில் தெலுங்குப் பெண்கள் சண்டை போட்டால் இப்போது முழுக்கப் புரிகிறது, நடுவில் புகுந்து தெலுங்கிலேயே கிண்டல் செய்கிறேன் என்று. தெலுங்குக்கு வகுப்பு போனீர்களா? புத்தகம் வாங்கினீர்களா? ஒன்றுமில்லை. ஆக, ஜெர்மனிக்குப் போன இடத்தில் நீங்கள் ஒரு புது மொழியைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அது தெலுங்காகப் போய்விட்டது, அவ்வளவுதான். எந்த மொழியோடு நேரம் கழிந்ததோ அது வந்திருக்கிறது. தெலுங்கு தமிழுக்குப் பக்கத்து மொழி என்பதால் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் மண்டையில் கோளாறு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சித்தி மகள் விஷயமும் இதுவேதான். பார்பரா ஃபிரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிரெஞ்சு படிக்கும் 28 அமெரிக்க மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழு தங்கள் கல்லூரியிலேயே வழக்கமான வகுப்பில் படித்தது. இன்னொரு குழு பாரிஸுக்குப் போய் ஒரு செமஸ்டர் படித்தது. மூன்றாவது குழு அமெரிக்காவிலேயே ஏழு வாரக் கோடை முகாமில் இருந்தது. முகாமில் பிரெஞ்சு தவிர வேறெதுவும் பேசக் கூடாது. சரளத்தில் அதிகம் முன்னேறியது பாரிஸ் குழுதானே என்று நினைப்பீர்கள். இல்லை, கோடை முகாம் குழு. மாணவர்கள் எந்த மொழியில் எத்தனை மணி நேரம் பேசினார்கள், எழுதினார்கள் என்று கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுத்திருந்தார்கள். வகுப்புக்கு வெளியே பாரிஸ் குழு பிரெஞ்சைவிட ஆங்கிலத்தைத்தான் அதிகம் பேசியிருந்தது! சிறிய ஆய்வுதான், இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் உங்கள் வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் நடுவே நடந்திருப்பதை இது அப்படியே சொல்கிறது. சென்னையில் வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் எழுதி, ஆசிரியரிடம் திருத்தி வாங்கிய பெண் உங்களைவிட அதிக நேரம் ஜெர்மனோடு வாழ்ந்திருக்கிறாள். அவள் உங்களுக்குப் போட்டி இல்லை. உங்கள் ஏஜென்ட் சொன்னது எவ்வளவு தப்பு என்பதைக் காட்டும் ஆள்.

அதனால் முதல் வேலையாக, வருகிற வாரம் முழுக்க ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். காலையிலிருந்து இரவு வரை ஜெர்மனில் பேசியது எவ்வளவு, கேட்டது எவ்வளவு, படித்தது, எழுதியது எவ்வளவு. பேருந்து அறிவிப்பும் சூப்பர் மார்க்கெட் விலைச்சீட்டும் சேராது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தேறினாலே அதிகம். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள். "அங்கே இருக்கிறேன்" என்பதும் "அந்த மொழியில் இருக்கிறேன்" என்பதும் ஒன்றென்று அவர் நினைக்கிறார். ஏஜென்ட்டும் அப்படித்தான் நினைக்க வைத்தார்.

இலக்கணத்தை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இப்போதைக்கு அதுதான் உங்களுக்கு அதிகம் தேவை.

"பேசப் பேச வந்துவிடும், இலக்கணம் எதற்கு" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. பி1 தாண்டியவருக்கு அது ஓரளவு பொருந்தும். ஏ2-வில் நிற்பவருக்குப் பொருந்தாது. பிரெக்ட், டேவிட்சன், கின்ஸ்பர்க் ஆகிய மூவர் 1984 முதல் 1990 வரை ரஷ்யாவில் படித்த அமெரிக்க மாணவர்கள் நூற்றுக்கணக்கானவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். கிளம்பும்போதே இலக்கணத்திலும் வாசிப்பிலும் நன்றாக இருந்தவர்கள்தான் அங்கே போய்ப் பேச்சிலும் அதிகம் முன்னேறினார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பேக்கரிக்காரம்மா வேகமாகச் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் எது, யார் யாருக்குக் கொடுத்தது என்று பிரிக்கத் தெரிந்தால்தான் அந்த வாக்கியம் உங்களுக்குப் பாடமாகும். பிரிக்கத் தெரியாவிட்டால் அது வெறும் சத்தம். ஒன்றரை வருஷமாக உங்கள் காதில் விழுந்ததில் பெரும்பகுதி அப்படிச் சத்தமாகவே போயிருக்கிறது.

ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கெதே நிறுவனத்தின் கணக்குப்படி பி1 எட்டுவதற்கு, ஆளைப் பொறுத்து, ஆரம்பத்திலிருந்து 350 முதல் 650 வரை பாடவேளைகள் வேண்டும் (ஒரு பாடவேளை 45 நிமிஷம்). பி2-வுக்கு 600 முதல் 800. இவற்றில் ஏ2 வரையிலான பங்கை நீங்கள் கோயம்புத்தூரிலேயே கொடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் துருப்பிடித்திருக்கும், ஆனால் அழியவில்லை. நாலைந்து வாரம் தட்டிக்கொட்டினால் திரும்ப வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வகுப்புகளில் நான் ஓயாமல் சொல்வது இது. ஜெர்மனில் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது தலைகீழ் வித்தை. நமக்குத் தமிழில் வினை வழக்கமாகக் கடைசியில்தான். வேற்றுமையும் நமக்குப் புதிதல்ல, நீ, நீங்கள் வித்தியாசமும் புதிதல்ல. ஆனால் நம் பிள்ளைகள் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறார்கள், அதனால் கையிலிருக்கும் இந்த வசதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அடுத்த முறை துணை வாக்கியம் அமைக்கும்போது ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துத் தமிழில் நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டு வாசத்தில் எது வளரும், எது வளராது

மொழி மொத்தமாக ஒரே அளவில் வளர்வதில்லை. அந்த நாட்டில் இருப்பதால் நன்றாக வளர்வது பேச்சின் வேகம், கேட்டுப் புரிந்துகொள்வது, அன்றாடப் பேச்சில் வந்துகொண்டே இருக்கும் சின்னச் சின்னத் தொடர்கள், எங்கே எப்படிப் பேசுவது என்ற நாசூக்கு. தானாக வளராதவை பிழையற்ற இலக்கணமும் எழுத்தும். ஐந்து வருஷம் அங்கே இருந்து சரளமாகப் பேசுகிறவர்கள்கூட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, எழுதியதை யாரும் திருத்தவில்லை, அதனால் அந்தப் பக்கம் வளரவேயில்லை.

நீங்கள் இன்ஜினியர். உங்களுக்கு வேலை கொடுப்பவர் மீட்டிங்கில் உட்காரவும், இயந்திரத்தின் கையேட்டைப் படிக்கவும், சப்ளையருக்குக் கடிதம் எழுதவும் முடியுமா என்று பார்ப்பார். ஆகவே பேச்சுப் பழக்கத்தையும் வகுப்பையும் எதிரெதிராக நிறுத்தாதீர்கள். வகுப்பில் படித்ததை அந்த வாரமே வெளியே செலவழிக்க வேண்டும், வெளியே தடுமாறியதை வகுப்பில் கேட்க வேண்டும். சென்னையில் இருக்கும் சித்தி மகளுக்கு இந்த இரண்டாவது பாதி கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும்.

சாக்சனிப் பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே வல்லின ஒலிகள் மென்மையாகிவிடும், அதனால்தான் வகுப்பில் கேட்டது போல் இல்லை. நீங்கள் அப்படிப் பேச வேண்டியதில்லை, காது பழகினால் போதும். ஒரே ஆள் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது சீக்கிரம் பழகும். தினம் ஒரு புது ஆளிடம் இரண்டு வார்த்தை பேசினால் பழகாது.

விடுப்பு செமஸ்டர்

இதில் அவசரப்படாதீர்கள். உங்கள் தங்கும் அனுமதி படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அதை நீட்டிக்கும்போது, படிப்பு நியாயமான காலத்துக்குள் முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகம் பார்க்கும். விடுப்புக்குப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும். மொழி படிக்கப் போகிறேன் என்பது எல்லா இடத்திலும் காரணமாக ஏற்கப்படாது. விடுப்பில் இருக்கும்போது வேலை செய்தால், மாணவர் என்பதால் சமூகக் காப்பீட்டில் கிடைக்கும் சலுகையும் போகலாம். வங்கிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஒப்பந்தத்தில் படிப்புக் காலம் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விடுப்புதான் வேண்டும் என்று தோன்றினால் முதலில் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம், அடுத்து வெளிநாட்டவர் அலுவலகம் என்ற வரிசையில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சீனியர் சொன்னதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

என் யோசனை வேறு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வகுப்பில்லாத காலம் வருகிறது. பல பல்கலைக்கழக மொழி மையங்கள் அந்த நேரத்தில் தீவிர வகுப்பு நடத்துகின்றன, கட்டணமும் மாணவருக்குக் குறைவு. அங்கே இடமில்லாவிட்டால் ஊர் தோறும் இருக்கும் மக்கள் கல்வி நிலையமான ஃபோக்ஸ்ஹோக்ஷூலேயில் பாருங்கள். அதே காலத்தில் ஊருக்கு வந்து கோயம்புத்தூரில் படிக்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். விமானச் செலவு, வீட்டுச் சாப்பாடு, கல்யாண வீடுகள். வேண்டாம்.

அடுத்த செமஸ்டரில் பாடச் சுமை குறைவாக இருந்தால் வாரத்தில் இரண்டு மாலை வகுப்பைத் தொடருங்கள். தீசிஸ் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலும் தலை போகாது. குறித்த காலத்தைவிட ஒரு செமஸ்டர் கூடுதலாக எடுப்பது ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சாதாரணம். ஆனால் அனுமதி நீட்டிப்புக்குச் செலவுப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை இப்போதே அப்பாவோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

உங்கள் இன்னொரு பயத்தையும் இங்கேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். படிப்பு முடிந்த மறுநாள் யாரும் உங்களை அனுப்பிவிட மாட்டார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவருக்கு, செலவுக்கு வழியும் காப்பீடும் இருந்தால், படிப்புக்கேற்ற வேலை தேட 18 மாதம் வரை தங்கும் அனுமதி சட்டத்தில் உண்டு, அந்தக் காலத்தில் வேறு வேலையும் செய்யலாம். ஆக, உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு செமஸ்டர் என்ற பதற்றம் தேவையில்லை.

எந்த நிலை எதற்கு என்பதிலும் கடிதத்தில் குழப்பம் தெரிகிறது. அங்கே பட்டம் முடித்து, தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருஷம் இருந்தபின் நிரந்தரக் குடியிருப்பு கேட்கப் பி1 வேண்டும், மற்ற நிபந்தனைகளும் உண்டு. ப்ளூ கார்டு என்ற, பட்டதாரி வேலைக்கான தங்கும் அனுமதியில் இருப்பவர் பி1 இருந்தால் 21 மாதத்தில் கேட்கலாம், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம். குடியுரிமைக்கும் பி1. இன்டர்ன்ஷிப்பில் கேட்ட பி2 சட்டம் போட்டதல்ல, முதலாளி போட்டது. அதில் வளைந்து கொடுப்பவர்களும் உண்டு, குறிப்பாக மென்பொருளோ சிமுலேஷனோ சேர்ந்த வேலைகளில். தொழிற்சாலைத் தளத்தில் ஃபோர்மேனோடு நிற்க வேண்டிய வேலைகளில் வளைய மாட்டார்கள், வளையவும் கூடாது. பாதுகாப்பு எச்சரிக்கை புரியாமல் போனால் கை போய்விடும்.

தோழிகளை விட்டுப் போக வேண்டுமா?

இந்தக் கேள்வியில் ஒரு குற்ற உணர்ச்சி தெரிகிறது. அதை இறக்கி வையுங்கள். ஜேம்ஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் வெளிநாட்டில் படிக்கும் மாணவரின் நட்பை மூன்று வட்டங்களாக விவரித்தார்: நடுவில் சொந்த நாட்டுக்காரர்கள், அடுத்து மற்ற வெளிநாட்டவர், கடைசியில் உள்ளூர்க்காரர்கள். காலமும் முயற்சியும் இருந்தால் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு நகர்வார்கள், உள்வட்டம் இருந்தபடியே இருக்கும். அந்தக் குளிரில், மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கும் டிசம்பரில், ரசம் வைத்துக் கொடுக்கும் தோழி சாதாரண விஷயமில்லை. ஜெர்மன் வரவில்லை என்று அவர்களை விட்டு ஓடினால் தனிமையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள், அதிலும் தமிழ்தான் ஓடும்.

வாடகை ஒப்பந்தம் தானாக முடியும்போது, ஜெர்மன்காரர்கள் இருக்கும் பகிர்வு வீட்டில் ஓர் அறை கிடைத்தால் மாறுங்கள். அவசரமாக முறித்துக்கொண்டு வராதீர்கள், முன்னறிவிப்புக் காலமும் முன்பணமும் சிக்கலாகும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று புரியாமலே கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பல ஊர்களில் மாணவர் விடுதிகளை நடத்தும் மாணவர் நல அமைப்பே இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது, ஒருநாள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். புது வீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் வீடுகள் நிறைய. அறை பார்க்கப் போகும்போது, சேர்ந்து சமைப்பீர்களா என்று கேளுங்கள்.

அதுவரை வெளியே ஆள் பிடிக்கலாம். கிழக்கு ஜெர்மனியில் இருப்பது இந்த விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1990-க்கு முன் அங்கே பள்ளிகளில் முதல் அந்நிய மொழி ரஷ்யன். அதனால் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. உங்களிடம் ஆங்கிலத்துக்குத் தாவ அவர்களால் முடியாது! பொறுமையும் நேரமும் அவர்களிடம் இருக்கிறது. நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்கள், தேவாலய அரங்குகள், மூத்தோர் மையங்கள், தோட்டச் சங்கங்கள் என்று அவர்களைச் சந்திக்க இடங்கள் உண்டு. ஷ்ரேபர் தோட்டம் என்று சொல்லும் அந்தச் சின்னத் தோட்டச் சங்கங்கள் பிறந்ததே உங்கள் மாநிலத்து லைப்சிக் நகரில்தான். விவசாயக் குடும்பத்துப் பெண் நீங்கள், தக்காளிச் செடியைப் பற்றிப் பேச விஷயம் இல்லாமலா போகும்?

கடையில் ஆங்கிலத்துக்கு மாறுபவர்கள் உங்களை மட்டம்தட்டுவதாக நினைக்க வேண்டாம். பின்னால் வரிசை நிற்கிறது, அவ்வளவுதான். "நான் ஜெர்மன் கற்கிறேன், ஜெர்மனிலேயே பேசலாமா?" என்று கேட்க ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பலர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் தொங்காதீர்கள்.

நீங்கள் பெண் என்பதால் இன்னொன்று. மேலே சொன்ன ரஷ்ய ஆய்வில் பெண்களைவிட ஆண்கள் அதிகம் முன்னேறியதாகத் தெரிந்தது. அங்கே போன மாணவிகளின் நாட்குறிப்புகளைப் படித்த லிவியா பொலானி, காரணம் திறமையில் இல்லை என்று காட்டினார்: ஆண்களுக்கு இயல்பாகக் கிடைத்த பேச்சு, பெண்களுக்குப் பல நேரம் தொந்தரவாகவும் அவமானமாகவும் முடிந்திருக்கிறது. பேச்சுப் பழக்கத்துக்காகப் பாதுகாப்பில்லாத இடத்தையோ ஆளையோ சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பகல் நேரம், நிலையான இடம், பலர் இருக்கும் சங்கம், பெண் டேண்டம் துணை என்று தேர்ந்தெடுங்கள். டேண்டம் என்றால் நீங்கள் அவருக்கு ஆங்கிலமோ தமிழோ சொல்லிக்கொடுக்க, அவர் உங்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது. பல பல்கலைக்கழக மொழி மையங்களே ஜோடி சேர்த்துவிடும். நிறத்தையோ நாட்டையோ சொல்லி யாராவது துன்புறுத்தினால் பல்கலைக்கழகத்தில் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிப்பவரிடம் போகலாம், அவசரத்துக்குக் காவல்துறை எண் 110.

கிடங்கு வேலை

உங்கள் அட்டவணையில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது இதில்தான். இரவு வேலைக்குக் கூடுதல் பணம் வருகிறது, சரி. ஆனால் இரண்டு இரவு வேலை என்றால் அடுத்த இரண்டு பகலும் போச்சு. மாலை வகுப்பில் தூங்கி விழுவீர்கள். பேக்கரி, கேன்டீன், பல்கலைக்கழக நூலக மேசை போன்ற இடங்களில் பகல் வேலை கிடைத்தால், இரவுப்படி இல்லாமல் குறைந்தபட்சக் கூலியே (2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ) வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற மாணவர் வேலை வரம்பு கிடங்குக்கும் பேக்கரிக்கும் ஒன்றுதான், அந்த நாட்களை மொழி வளரும் இடத்தில் செலவழிப்பது நல்லது. பேக்கரிக் கவுன்டரில் ஒரே நாற்பது ஐம்பது வாக்கியங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். பி1 பாதி தாண்டியதும் சமாளித்துவிடலாம். வீட்டுப் பணநிலைக்கு இது ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முழுதாக விட முடியாவிட்டால் ஓர் இரவைக் குறையுங்கள்.

வகுப்பு தொடங்கும்வரை டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் நிக்கோஸ் வேக் என்ற காணொளிப் பாடத்தை ஏ2-வின் நடுவிலிருந்து பாருங்கள், பி1 வரை போகிறது. தினம் ஐந்து வரி எழுதி டேண்டம் துணையிடம் திருத்தி வாங்குங்கள். அதற்கு மேல் இப்போது எதையும் சேர்க்க வேண்டாம். பத்து ஆப் இறக்கி வைத்துக்கொள்வது படிப்பதாகாது.

சிவியில் என்ன எழுதுவது?

பி2 என்று எழுதாதீர்கள். நேர்காணலில் முதல் இரண்டு நிமிஷம் ஜெர்மனில் பேசிப் பார்ப்பார்கள், அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் மற்ற வரிகளையும் சந்தேகமாகவே படிப்பார்கள். பி1 தேர்வுக்கு இப்போதே தேதி வாங்குங்கள். கோடைக்குள் இருக்கட்டும், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சிவியில் "ஏ2 சான்றிதழ், பி1 வகுப்பில், தேர்வு இந்த மாதம்" என்று மாதத்தோடு போடுங்கள். விண்ணப்பக் கடிதத்தை டேண்டம் துணையின் உதவியோடு ஜெர்மனிலேயே எழுதுங்கள், ஆனால் நீங்களே வாய்விட்டு விளக்க முடியாத வாக்கியம் ஒன்றும் அதில் இருக்க வேண்டாம். அதிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள்.